பாட்டு பஸ்ஸில் போன பிளாப்பி

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றைப் புதிதாக வாங்கினால் இன்றைக்கும் நான் அதை உடனே உபயோகிப்பதில்லை. லினக்ஸில் செருகி, கடையிலிருந்து வரும்போதே அதில் இருப்பதையெல்லாம் மூலை முடுக்கு விடாமல் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எனக்கு வேண்டியபடி பார்மேட் செய்வேன். துடைப்பதற்கே அரை நாள் ஆகும். "மேலாக ஒரு பார்மேட் போட்டால் போதாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். போதும்தான், யார் இல்லை என்றது? எனக்குப் போதாது. ஒரு காலத்தில் என் பிழைப்பே இந்த ஒரு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி. தருமபுரியில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் கிளை ஆபீஸில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் டிரைவராக இருந்தவர். தொப்பூர் இறக்கத்தில் ஒரு வளைவில் அவர் வண்டி போய் மோதியது. அவர் வீடு திரும்பவில்லை. நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்ததால், கம்பெனியில் எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அதே சமயத்தில் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெங்களூருக்கு அனுப்பி எனக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். இண்டூரில் என் அம்மா வீட்டிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய் வந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் அறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆபீஸுக்கு வெளியே லாரி ஷெட். புழுதி, டீசல் வாசனை, மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம், அடுப்பு மாதிரி வெயில். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனால் ஏ.சி.யின் குளிர் உள்ளங்காலில் ஏறும். ஜன்னலுக்கு நீலத் திரை போட்டிருந்தார்கள். பகல் முழுக்க அறைக்குள் ஒரு நீல வெளிச்சம் மிதந்துகொண்டிருக்கும். லாரி ஹாரன் எங்கோ கிணற்றுக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி கேட்கும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக வரும். நான் ஒன்று கேட்பேன், அது ஒன்று சொல்லும். அந்த வருஷம் என்னிடம் "பாவம்" என்று சொல்லாத ஒரே ஜீவன் அந்த மெஷின்தான்.

அதில் ஓடியது யூனிக்ஸ் என்கிற சிஸ்டம். வாரம் முழுக்க வந்து போன லோடு விவரங்களை அதில் ஏற்றுவேன். எல்லாக் கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பிளாப்பி என்கிற அந்தக் காலத்து அட்டை வட்டில் இறக்குகிற கட்டளை ஒன்று உண்டு. டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். சனிக்கிழமை காலையில் அந்தப் பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு சேலம் ஹெட் ஆபீஸுக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கேயும் யூனிக்ஸ்தான், ஆனால் மெஷின் எங்களுடையதைவிடப் பழையது. அது என் பிளாப்பியைப் படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதான் நடக்கவே இல்லை.

முதலில் பிளாப்பி வாங்கியதிலேயே கோட்டை விட்டோம். எங்கள் கிளையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பாய். நல்ல மனுஷன், எதை வாங்கினாலும் விலை அதிகமானதாகப் பார்த்து வாங்குவார். பெங்களூரிலிருந்து அதிகம் கொள்ளும் உயர்ந்த ரகப் பிளாப்பியை ஒரு பெட்டி வரவழைத்தார். எங்கள் புது மெஷின் அதை ஆசையாக எடுத்துக்கொண்டது. சேலத்துக் கிழ மெஷின் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பழைய சின்ன ரகம்தான் ஒத்துவரும்.

சேலத்து மேனேஜர், "இனிமே நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம். பிளாப்பிய இங்கயே பார்மேட் பண்ணி, செக் பண்ணி நாங்களே தர்றோம். அதுல எழுதிட்டு வாங்க" என்று ஏற்பாடு செய்தார். அவர் அப்படித்தான். கிளைகளுக்குப் போகும் துண்டுச் சீட்டுகூட ஹெட் ஆபீஸ் முத்திரை விழாமல் போகக் கூடாது. பிளாப்பிக்கும் அதே சட்டம்.

அப்படியே செய்தேன். தருமபுரியில் எழுதி, அங்கேயே திரும்பப் படித்துப் பார்ப்பேன். அட்சரம் பிசகாமல் வரும். சேலத்தில் போட்டால் அந்த மெஷின் கரகரவென்று தொண்டையைச் செருமும், கொஞ்ச நேரம் யோசிக்கும், அப்புறம் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி போடும். சரி, நம்மிடமே ஒரு தடவை பார்மேட் செய்துவிட்டு எழுதுவோம் என்று அதையும் செய்தேன். மெஷினிடம் இது சின்ன ரகம் என்று சரியாகச் சொல்லித்தான் பார்மேட் செய்தேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. சம்மதம் என்றேன். சேலத்தில் மறுபடியும் அதே செருமல், அதே வரி.

மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏம்மா, இது உங்களுக்குச் சரிப்படாதுன்னு தோணுது. அந்த மெஷினை இங்கயே கொண்டாந்துடறோம். நம்ம பசங்க பாத்துக்குவாங்க. உங்களை நாங்க கைவிட்டுட மாட்டோம், வேற ஏதாச்சும் பாத்துத் தர்றோம். பாவம்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு நெருப்பாகச் சுட்டது. மெஷின் போய்விட்டால் அந்த நீல அறை போய்விடும். நான் மறுபடியும் டிரைவர் செத்ததால் ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்ட பொம்பளை ஆகிவிடுவேன். டீ வாங்கி வருவதற்கும் தபால் ஒட்டுவதற்கும் சம்பளம் கொடுப்பார்கள், பார்க்கிறவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அது வேண்டாம். எனக்கு அந்த மெஷின் வேண்டும். "இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன், இல்லை அவரைத் திட்டியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை போன பஸ், பாட்டு பஸ் என்று பேர் வாங்கிய ஒரு பிரைவேட் வண்டி. ஜன்னலுக்கு மேலே சாமான் வைக்கும் கம்பித் தட்டு ஓரமாகப் பெரிய பெரிய ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருந்தார்கள். முதுகுப் பக்கம் மூடிகூடக் கிடையாது. தொப்பூர் நெருங்கினால் கண்டக்டர் பாட்டுச் சத்தத்தை ஏற்றிவிடுவார். "இறக்கத்துல பாட்டு இருந்தாத்தான் ஜனங்க பயப்படாம உக்காருவாங்க" என்பது அவர் கட்சி. எனக்குப் பயம் போக்க ஜெபமாலை இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த இறக்கத்தில் நான் ஒரு தடவைகூடக் கண்ணைத் திறந்ததில்லை. கணவாய் தொடங்கும்போது மூடிக்கொள்வேன். வளைவில் எஞ்சின் சத்தம் மாறுவதையும், லாரிகள் பெருமூச்சு விடுவதையும், டீக்கடை வாசனை வந்து போவதையும் கவனித்துக்கொண்டே "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருப்பேன். ரோடு சமமானதும் திறப்பேன்.

ஒரே விவரத்தை எப்போதும் இரண்டு பிரதியாக எடுத்துப் போவேன். அன்றைக்கு ஒன்றை மடியில் ஒரு அட்டைக்குள் வைத்திருந்தேன். இன்னொன்று கைப்பையில் இருந்தது. கூட்டம் ஏறவும் கண்டக்டர், "பைய இப்பிடிக் குடுங்கக்கா, பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கி, மேலே ஸ்பீக்கரின் முதுகோடு சேர்த்து இறுக்கிச் சொருகிவிட்டார். விழாமல் இருக்க அதுதான் நல்ல இடமாம்.

கண்ணை மூடினேன். பாட்டு ஏறியது. என்ன பாட்டு என்று ஞாபகமில்லை, ஒரு பெண் குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஜெபமாலை விரலிலேயே நின்றுவிட்டது. வெயிலும் குரலும் ஒன்றாகக் கலந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயின. அந்த நீல அறைக்குள்ளேயே பஸ் ஓடுகிற மாதிரியும், அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரியும், நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியும் இருந்தது. கண் விழித்தபோது சேலம் வந்திருந்தது. அந்த வளைவைத் தூங்கியே தாண்டியிருக்கிறேன்! முதலில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே, அதெப்படித் தூக்கம் வரும் உனக்கு என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஹெட் ஆபீஸில் மடியில் இருந்த பிளாப்பி வழக்கம்போலச் செருமிவிட்டுத் தோற்றது. பையில் இருந்ததைப் போட்டால் மெஷின் செருமக்கூட இல்லை. அதில் எதுவுமே இல்லை என்றது. எழுதியதும் இல்லை, பார்மேட்டும் இல்லை, கடையில் வாங்கிய நாள் மாதிரி மொட்டையாக இருந்தது. ஸ்பீக்கரின் பின்னால் காந்தம் இருக்கும், காந்தம் பிளாப்பிக்கு எமன் என்று பெங்களூரில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அடுத்த வாரம் வரைக்கும் பாப்போம்" என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமலே.

வேறு பிளாப்பி கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அந்த இரண்டையுமே தருமபுரியில் மறுபடியும் பார்மேட் செய்தேன், மறுபடியும் மூட்டையைக் கட்டி இறக்கினேன். பாட்டு பஸ்ஸில் அழிந்துபோனதன் உறை மூலையில் மட்டும் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். புள்ளி வைக்காதது தோற்றது. புள்ளி வைத்ததைப் போட்டார்கள். சேலத்து மெஷின் ஒரு செருமல் இல்லாமல், தாலாட்டு மாதிரி மெல்லிய சத்தத்தோடு, முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரை படித்துத் தள்ளியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேனேஜர் சந்தோஷப்படவில்லை. "ஒண்ணு படிக்குது, ஒண்ணு படிக்கல. இது வேலை இல்லைம்மா, லாட்டரி. வர்ற சனிக்கிழமை கொண்டாற அத்தனையும் படிக்கணும். இல்லன்னா திங்கக்கிழமை வண்டி அனுப்பி மெஷினை எடுத்துக்குறோம்" என்று சொல்லி, ஹெட் ஆபீஸில் பார்மேட் செய்த பிளாப்பிகளைக் கட்டாகக் கொடுத்தனுப்பினார்.

பாயிடம் சொன்னேன். அவர் துளிகூட யோசிக்கவில்லை. "அந்த பஸ்ஸு ராசிம்மா. பேசாம அதுலயே போங்க, அந்த ஸ்பீக்கர் பக்கத்துலயே வையுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், அவர் சொன்னதில் பாதி சரி என்று உள்ளுக்குள் ஏதோ அரித்தது. இரண்டு பிளாப்பிக்கும் ஒரே கை, ஒரே மெஷின், ஒரே பார்மேட். ஒன்று காந்தத்தில் அழிந்தது, மற்றது அழியவில்லை. வித்தியாசம் அது ஒன்றுதான். பார்மேட் செய்தால் எல்லாமே அழிந்துவிடும் என்று மெஷின் சொல்கிறதே, பிறகு காந்தம் வேறு எதை அழித்தது? வாரம் பூராவும் இதே யோசனை. அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "எங்கடி இருக்க?" என்று கேட்பாள். நான் எங்கேயும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன். ஷெட்டின் கோடியில் ஒரு லாரி பின்புறம் காட்டி நின்றது. முன்பக்கம் முழுக்கப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். நம்பரைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அது என் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி.

அது மறுபடியும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. நான் ஆபீஸில் இருக்கிற நேரத்தில் அது வந்தால் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிப் பாய் டிரைவர்களிடம் சொல்லிவைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் இல்லை, புது டிரைவருக்கு விஷயம் தெரியவில்லை.

வெயிலில் கண் கூசியது. வண்டியின் பின்பலகையில் ஏதோ எழுதியிருந்தது. தூரத்திலிருந்து என்னால் அதைப் படிக்க முடியவில்லை. எழுத்தோடு எழுத்து பின்னிக்கொண்டு கிறுக்கல் மாதிரி இருந்தது. கிட்டே போனேன். வெள்ளைப் பெயிண்டில், மெல்லிய தூரிகையில், "ஒலி எழுப்பவும்" என்று புதிதாக எழுதியிருந்தார்கள். அதற்கு அடியில் பழைய மஞ்சள் எழுத்து. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு, பெயிண்டர் பக்கத்திலேயே நின்று, தடிதடியாக எழுத வைத்தது. "போய் வருகிறேன்." காசை மிச்சம் பிடித்து, பழையதைச் சுரண்டாமலே மேலே எழுதிவிட்டார்கள். புது எழுத்து ஒல்லி. அதனால் மஞ்சள் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது.

அந்தப் பலகையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சூடாக இருந்தது. அழுதேன், அதை மறைப்பானேன். அழுதுகொண்டே இருக்கும்போதுதான் மண்டைக்குள் ஒன்று பளிச்சென்றது. எங்கள் புது மெஷின் ஒல்லியாக எழுதுகிறது. சேலத்துக் கிழ மெஷின் தடியாக எழுதுகிறது, தடியாகவே பார்க்கிறது. அவர்கள் பார்மேட் செய்து கொடுத்த பிளாப்பியில் தடித்த எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அதன் நடுவில் நான் ஒல்லியாக எழுதுகிறேன். நான் அழித்தாலும் ஒல்லியாகத்தான் அழியும். எங்கள் மெஷின் நடுவை மட்டும் பார்ப்பதால் அதற்குக் குழப்பமில்லை. சேலத்து மெஷினுக்கு இரண்டும் சேர்ந்து தெரிகிறது, பாவம், அது எதைப் படிக்கும்! காந்தம் அந்தத் தடித்த எழுத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டதால்தான் புள்ளி வைத்தது படித்தது. பின்னால் சர்வீசுக்கு வந்த என்ஜினியரிடம் கேட்டேன். ஆமாம், புது மெஷினில் பிளாப்பியை எழுதிப் படிக்கிற தலை பழையதைவிட மெல்லியது என்று அவரும் சொன்னார்.

பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "தங்கச்சி, மன்னிச்சுக்கம்மா, இந்த வண்டிய இங்க வுட வேணாம்னு சொல்லியிருந்தேன்..." என்று திணறினார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "பாய், மைக் செட் கடையில ரிப்பேரான பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு கிடைக்குமாங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பார். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் போய், ஒரு கிழிந்த ஸ்பீக்கரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதை ஷெட்டிலேயே, கம்ப்யூட்டர் பக்கம் கொண்டு போகாமல், ஒரு மூட்டை மேல் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொரு பிளாப்பியாக எடுத்து, காந்தத்தின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். மாவாட்டுகிற மாதிரி இருந்தது. ஹெட் ஆபீஸ் முத்திரை குத்தி அனுப்பிய பிளாப்பிகளை இப்படி மொட்டையடிப்பதைப் பார்த்துப் பாய் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நீல அறைக்குள் போய் எல்லாவற்றையும் பார்மேட் செய்து, மூட்டை கட்டி இறக்கினேன். வெளியே வந்தபோது அந்த லாரி கிளம்பிப் போயிருந்தது. சேலத்துக்கு லோடாம்.

சனிக்கிழமை ஹெட் ஆபீஸில் மேனேஜரே மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் பிளாப்பி செருமவில்லை, படித்தது. அடுத்ததும் படித்தது. கடைசிப் பிளாப்பி முடிந்து திரை அமைதியானபோது, ஏ.சி. சத்தம் மட்டும் மழை மாதிரி கேட்டது.

"என்ன பண்ணுனீங்க?" என்றார்.

சொன்னேன், காந்தத்தில் தேய்த்தது உட்பட. முத்திரைச் சட்டம் மீறப்பட்டதில் அவர் முகம் கொஞ்சம் கறுத்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப நாங்க பார்மேட் பண்ணிக் குடுத்ததுதான் தப்பா?"

"ஆமாங்க சார்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அலமாரியைத் திறந்து, பிரிக்காத ஒரு பெட்டி பிளாப்பியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இனிமே நீங்களே பார்மேட் பண்ணிக்கங்க. மெஷின் அங்கயே இருக்கட்டும்." நான் கதவு வரை போன பிறகும், அந்தப் பழைய வார்த்தை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டேதான் போனேன். வரவில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அதே பாட்டு பஸ். கூட்டம் இல்லை, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் கிடைத்தது. சாயங்கால வெயில் மலை மேல் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. கணவாய் ஏற்றம் தொடங்கியதும் பழக்கத்தில் கண்ணை மூடப் போனேன். முன்னால் ஒரு லாரி லோடோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் கம்பெனி வண்டி. சேலத்தில் இறக்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. பஸ்ஸுக்கு அதைத் தாண்ட வழியில்லை. அதன் பின்பலகையை மூக்கில் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு, நடை வேகத்தில் ஏறினோம்.

அவ்வளவு கிட்டத்தில் எழுத்து கலங்கவில்லை. வெள்ளை தனியாகத் தெரிந்தது, மஞ்சள் தனியாகத் தெரிந்தது. ஒல்லி எழுத்தை விட்டுவிட்டுத் தடித்த எழுத்தை மட்டும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு போனேன். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. வெயில் பட்டு அந்த மஞ்சள் அன்றைக்குத்தான் எழுதிய மாதிரி இருந்தது. மேலே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை வாசனை வந்தது, போனது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

டிக்கெட் பையோடு கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "என்னக்கா, தொப்பூர் தாண்டியாச்சு. இன்னைக்குக் கண்ணே மூடல போல?"

"இல்லைங்க. படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன்.